டிரெய்லருக்குப் பால் காய்ச்சினேன்

ஏனுங்க, உங்களுக்கும் கால் நல்லாத்தான இருக்குது?

அட, சிரிக்காதீங்க. இந்த வரிசையில உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு நல்லாத்தான் இருக்கும். எனக்கும் ஒரு குறையும் இல்லைங்க. சென்னிமலைப் படி ஆயிரத்துச் சொச்சமும் நிக்காம ஏறுவேன். இங்கிலீசு வராதுன்னு பிள்ளைங்க சக்கர நாற்காலி சொல்லிவிட்டுடறாங்க. இதுல உக்காந்துட்டா நம்மளை யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க பாருங்க. அரிசி மூட்டையாட்டம் தள்ளிக் கொண்டுபோயி ஏத்திவிட்டுடுவாங்க.

நீங்க போறீங்களா, வர்றீங்களா? போறீங்களா. மகளுக்கா, மருமகளுக்கா? மகளுக்கு. எத்தனாவது மாசம்? ஒம்பதா. நல்லபடியா ஆகட்டுமுங்க. தலைப்பிரசவமா? செரி செரி. எனக்குச் சென்னை விமானத்துக்கு இன்னும் மூணு மணி நேரம் கிடக்குது. இந்த தோஹாவுல கண்ணாடியையும் வெளிச்சத்தையும் எத்தனை நேரம் பாக்கறது. உங்களுக்கு எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரமா. அப்ப ஒண்ணு சொல்றேன், கேளுங்க. புத்தி சொல்ல வர்றேன்னு நினைச்சுக்காதீங்க, நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. எனக்கே யாராவது சொன்னாத் தேவலைன்னு இருக்குது.

என் பேரு மயிலாத்தாள். பெருந்துறைப் பக்கம். ஒரு மகன், ஒரு மகள். அவங்கப்பா தவறி ஏழு வருசம் ஆச்சு. மகள் பேரு கௌசல்யா, கௌசிம்போம். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துல ஒரு ஊர்ல இருக்கா. மாப்பிள்ளை தினகரன், தங்கமான பிள்ளை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டாரு. நவம்பர்ல போனேன். போன பத்தாம் நாள் பெண் குழந்தை. ஆதிரான்னு பேரு. மே மாசம் வரைக்கும் இருக்கணும்னுதான் போனது. இப்ப ஏப்ரல்லயே திரும்பறேன்.

முழங்காலுக்காகத்தான். மாப்பிள்ளைதான் சொன்னாரு, "அத்தை, இந்த ஊர்க் குளிருக்கு உங்க முழங்கால் தாங்காது, ஊருக்குப் போயி நம்ம வெயில்ல இருந்தீங்கன்னா செரியாயிடும்"னு. அவரே டிக்கெட்டையும் மாத்திக் குடுத்தாரு. பெத்த பிள்ளை கூட இப்படிப் பாக்காது.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? எனக்கு முழங்கால் வலி எப்பவாவது உண்டுங்க. மாடிப்படியில ஒரு நாள் "அம்மாடி"ன்னேன். அதை ஞாபகம் வெச்சிருக்காரு.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது அந்தப் பாலைவனத்துக் கதை. கௌசிக்கு அங்க போயே தீரணும். எனக்கு அவ போகக் கூடாது. சுருக்கமாச் சொன்னா அவ்வளவுதான்.

பிரசவம் ஆனதுல இருந்து அவளுக்குப் பேச்சுக் குறைஞ்சு போச்சுங்க. முந்தியெல்லாம் வாயைத் திறந்தா மூட மாட்டா. இப்ப கேட்டதுக்குப் பதில், அதோட சரி. நான் ஒண்ணும் குறை வெக்கலை. பூண்டு, பத்தியக் குழம்பு, பிரசவ லேகியம், எல்லாம் நேரத்துக்கு. நாப்பது நாள் வாசப்படி தாண்ட விடலை. நாப்பது ஆனப்புறமும் பனிக்காத்து ஆகாதுன்னு ஜன்னலைத் திறக்க விடலை. தலைக்குத் துணி கட்டாம ஒரு நாள் நின்னதில்லை. அப்படிப் பாத்துக்கிட்டேன். அப்புறமும் பாருங்க, குளியலறைக்குள்ள போனா முக்கால் மணி நேரம் தண்ணி விழற சத்தம் மட்டும் கேக்கும். லீவுல இருக்கறப்பக் கூட ஆபீசுக்காரங்க விடறதில்லைங்க. செவ்வாய்க்கிழமை ஆனா கதவைச் சாத்திட்டு லேப்டாப்புல ஒரு அம்மாகிட்டப் பேசுவா. வெளிய வரும்போது கண்ணு சிவந்திருக்கும். மேலதிகாரி போல இருக்குது. பச்சை உடம்புக்காரிய இப்படியா வேலை வாங்குவாங்க?

மாப்பிள்ளைதான் ஒரு நாள் ஆரம்பிச்சாரு. மூணு மணி நேரத் தூரத்துல ஒரு பாலைவனம், அதை அரசாங்கம் பூங்கான்னு வெச்சிருக்குதாம். பூங்கான்னா பூச்செடி, ஊஞ்சல்னு நினைச்சேன். போன்ல படம் காட்டினாரு. மண்ணு, பாறை, ஈர்க்குச்சியாட்டம் நாலு செடி.

"இதுல என்ன மாப்பிள்ளை இருக்குது?"ன்னேன்.

அவரு வாயைத் திறக்கறதுக்குள்ள கௌசி சொன்னா, "ஒண்ணும் இல்லைம்மா. அதைத்தான் பாக்கணும்."

அன்னைக்குத்தான் அவ ரெண்டு வாக்கியம் சேந்தாப்புல பேசினது.

அதுல இருந்து வீட்டுல ராத்திரிச் சோறு ஆனா இதே பேச்சுத்தான். டிவியில கட்டம் கட்டமா ஒரு பட்டியல் போடுவாரு மாப்பிள்ளை. அங்க தங்கறதுக்கு இடம் ஆறு மாசம் முந்தியே தீந்து போயிடுமாம். யாராவது வேண்டாம்னு விட்டாத்தான் கிடைக்கும்னு போனைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. கிடைச்ச அன்னைக்கு ஒரு கத்துக் கத்தினாரு பாருங்க, பாப்பா முழிச்சுக்கிச்சு. மார்ச் மாசம், வெள்ளி, சனி, ஞாயிறு.

கூடாரத்துல குழந்தைய வெச்சுப் படுக்க முடியாதுன்னு டிரெய்லர்னாங்க. நம்மூரு டிராக்டருக்குப் பின்னால வருமே, அது இல்லைங்க. காருக்குப் பின்னால கோத்து இழுத்துட்டுப் போற வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ், எல்லாம் உள்ளேயே. முதல்ல பாத்தது கோழிக்கூடு அளவு, ரெண்டு பேரும் பாப்பாவும் படுக்கற மாதிரி. நான் ஒண்ணும் சொல்லலை. "போயிட்டு வாங்க கண்ணு, நான் இந்த வீட்டுல மூணு நாள் தனியா இருந்துக்கறேன், சாமி இருக்குது"ன்னு மட்டும்தான் சொன்னேன். மறுநாள் மாப்பிள்ளை பெரிய டிரெய்லரா பாத்துட்டாரு. என்னை விட்டுட்டுப் போக அவங்களுக்கு மனசு வரலை.

கௌசி அப்பவே பாப்பாவுக்குப் பசிக்குதுன்னு எந்திரிச்சுப் போயிட்டா.

பட்டியல் நீண்டுக்கிட்டே போச்சுங்க. பாப்பாவுக்கு வெயில் படாத குட்டிக் கூடாரம். தொப்பி. காதை மூடற குல்லா. கார் சீட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெக்கக் கூடாது, அதனால வழியில எங்க நிறுத்தறது. பகல்ல வேகும், ராத்திரி நாலு டிகிரிக்கு இறங்கிடும், ஹீட்டர் ஓடணும். தண்ணி அங்க ஒரு சொட்டுக் கிடையாது, டிரெய்லர் தொட்டியில இங்க இருந்தே ரொப்பிக்கிட்டுப் போகணும். பட்டியல்ல முதல் வரியே அந்தத் தண்ணிதான், சிவப்பு எழுத்துல.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். வசம்பு, ஓமத்தண்ணி, தொட்டில் கட்ட நூல் சேலை, இட்லிப் பானை, சின்னதா ஒரு கிரைண்டர்.

"அத்தை, டிரெய்லருக்கு எடைக் கணக்கு இருக்குது. கிரைண்டரை ஏத்தினா என்னை இறக்கணும்"னாரு மாப்பிள்ளை.

"இறக்கிடுங்க மாப்பிள்ளை, இட்லி முக்கியம்"னா கௌசி, நான் பேசறாப்புலயே.

சிரிச்சாங்க. அவ சிரிச்சு நான் பாத்தது அஞ்சு மாசத்துல அது ஒண்ணுதான்னு வெச்சுக்குங்களேன். பட்டியல் போடறப்பத்தான் அவ குரலே எழும்பும். அந்தப் பாறைக்குப் பக்கத்துல நிறுத்தலாம், காலையில அந்தப் பக்கம் நிழல் விழும், பாப்பா பாய் அங்க போடலாம்னு விரலால டிவியைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவா. அது எனக்குத் தெரிஞ்சுதுங்க. தெரியாம இல்லை.

ஆனாலும் என் மனசு ஒப்பலை. நாலு மாசக் குழந்தை. பாம்பு இருக்குதாம். போன்ல சிக்னல் கிடைக்காதாம். ஆள் அரவம் இல்லாத காட்டுல காத்து என்ன காத்தோ, கருப்பு என்ன கருப்போ. அதுக்கும் மேல, கிளம்பற நேரம்! நான் ஊர்ல இருந்து தினசரி காலண்டர் கொண்டு போயிருந்தேன். அவங்க பட்டியலை ஃபிரிட்ஜில ஒட்டினாங்க, நான் அதுக்குப் பக்கத்துல காலண்டரை மாட்டினேன். பட்டியல்ல வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் புறப்பாடு. காலண்டர்ல வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம்.

சொன்னேன். "பாப்பா தூங்கற நேரம்மா அது. அப்பக் கிளம்பினாத்தான் வழியெல்லாம் தூங்குவா"ன்னா கௌசி. மாப்பிள்ளை, "அத்தை, ராகுவுக்கும் பாப்பாவுக்கும் ஒரே நேரத்துல தூக்கம் வந்தா நான் என்ன பண்ணட்டும்?"னு சிரிக்கிறாரு. நான் யாரு பேச்சுலயும் தலையிடறவ இல்லைங்க. அதோட விட்டுட்டேன். மறுநாள் ஒரு தடவை சொன்னேன். அதுக்கு அடுத்த நாள் சாமி கும்பிடும்போது கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் டிரெய்லர் வந்து வாசல்ல நின்னுச்சு. வெள்ளைக்காரர் ஒருத்தர் அவரு வண்டிய வாடகைக்கு விடறாரு. மாப்பிள்ளை குழாய் போட்டுத் தொட்டிய ரொப்பினாரு. கௌசி உள்ள போயி, கட்டில்ல பாப்பாவைப் போட்டுப் பாத்து, ஜன்னல் ஜன்னலாத் திறந்து திறந்து மூடினா. அத்தனை ஜன்னலையும்.

வெள்ளிக்கிழமை காலையில குளிச்சு விளக்கேத்தினேன். அப்பத்தான் நினைச்சேன், இத்தனை பட்டியல் போட்டாங்களே, பால் காய்ச்சணும்னு யாருக்காவது தோணுச்சா? நீங்களே சொல்லுங்க. வாடகை வீடுன்னாலும் பால் காய்ச்சாம நாம குடி போவோமுங்களா? மூணு நாள் தங்கினாலும் வீடு வீடுதானே. அடுப்பு இருக்குது, படுக்கற இடம் இருக்குது. நேரம் கெட்ட நேரத்துல கிளம்பறாங்க, வீட்டையாவது சுத்தம் பண்ணி வெப்போம். ஒம்பதேகால்ல இருந்து பத்தேகால் வரைக்கும் நல்ல நேரம். கௌசி மாடியில பாப்பாவைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தா. மாப்பிள்ளை ஐஸ் வாங்க நடந்தே கடைக்குப் போயிருந்தாரு.

யார் யார் தங்கின வண்டியோ, என்னென்ன வறுத்தாங்களோ. முதல்ல கழுவணும்ல. உள்ள இருந்த குழாயைத் திறந்தேன், நல்லா வந்துச்சு. பக்கெட்டுல பிடிச்சுப் பிடிச்சு ஊத்தினேன். தரை, கட்டிலுக்கு அடி, மூலைமுடுக்கு, எல்லாம் அடிச்சு ஊத்தி, துடைப்பத்தால தள்ளினேன். பத்துப் பக்கெட் இருக்கும். அப்புறம் குழாய் கர்கர்ருன்னுச்சு, தண்ணி நின்னு போச்சு. போதும்னு படியில மாக்கோலம் போட்டு, மஞ்சள் வெச்சு, அடுப்பை மூட்டிப் பாலை வெச்சேன். கிழக்குப் பக்கம் பொங்கி வழிஞ்சுச்சுங்க. எனக்குச் சந்தோசம் தாங்கலை. கற்பூரத்தைப் பத்த வெச்சேன்.

அதுதான். புகை பட்டதும் மேல இருந்த ஒரு வட்டப் பெட்டி கூவ ஆரம்பிச்சுடுச்சு. காதே கிழியற மாதிரி. நான் மணியடிக்கற கையோட நிக்கறேன். அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. கட்டிலுக்கு அடியில டப்புன்னு ஒரு சத்தம். விளக்கெல்லாம் அணைஞ்சு போச்சு.

வண்டிக்காரர் வந்து பலகையைக் கழட்டினாரு. கரண்டுப் பெட்டி கட்டிலுக்கு அடியிலதான் இருக்குதாம். கழட்டின இடத்துல இருந்து தண்ணி சொட்டுச் சொட்டா விழுது. விளக்கு எரியாது, ஹீட்டர் ஓடாது, ரெண்டு வாரம் ஆகும்னுட்டாரு. ஹீட்டர் இல்லாம நாலு டிகிரியில கைக்குழந்தையை எப்படிப் படுக்க வெக்கறது? போக முடியாதுன்னு யாரும் சொல்லக்கூட இல்லைங்க. எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு.

கௌசி பாப்பாவோட வந்து நின்னா. புதுத் தொப்பி போட்டுவிட்டிருந்தா. அந்தக் கோலம் போட்ட ஈரப்படியிலயே உக்காந்தா. கத்துவான்னு நினைச்சேன். திட்டட்டும்னுதான் நின்னேன்.

"நீ வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும்மா"ன்னா. ரொம்ப மெதுவா. "அதுதாம்மா கஷ்டம். வேணும்னு செஞ்சிருந்தா உன்கூடச் சண்டையாவது போடலாம்."

இதுக்கு என்னங்க அர்த்தம்? அன்னைக்கே மன்னிச்சுட்டான்னு முதல்ல நினைச்சேன்.

பாப்பாவை என் கையில குடுத்தா. எந்திரிச்சுப் போயி காருக்குள்ள உக்காந்தா. பின்னால டிரெய்லர் கோத்தபடி நிக்குதே, அந்தக் கார்ல. முன் சீட்டுல உக்காந்து பெல்ட்டையும் போட்டுக்கிட்டா. மணி பாத்தேன், சரியாப் பத்தரை. கொஞ்ச நேரத்துல மாப்பிள்ளையும் போயி ஸ்டியரிங் பக்கம் உக்காந்தாரு. ரெண்டு பேரும் முன்னால பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. வண்டிய எடுக்கலை. எடுத்து எங்க போறது? வீட்டுக் கதவுதான் எதிர்ல. நான் அந்தக் கதவுகிட்டத்தான் பாப்பாவை வெச்சுக்கிட்டு நிக்கறேன். அது தோள்ல தூங்கிப் போச்சு. பன்னண்டு மணி வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாங்க. அப்புறம் இறங்கி வந்து, சோறு போடுங்க அத்தைன்னாரு மாப்பிள்ளை.

அதுக்கப்புறம் அவ பட்டியலும் போடலை, ஒண்ணும் போடலை. செவ்வாய்க்கிழமை அந்த அம்மாகிட்டப் பேசறது மட்டும் இன்னும் நீண்டுச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையையும் உள்ள கூப்பிட்டாங்க. ஆபீஸ் மீட்டிங்குக்கு மாப்பிள்ளை எதுக்குன்னு எனக்கு அப்பத்தான் லேசா என்னமோ தட்டுச்சு. கேக்கலை. அன்னைக்குச் சாயங்காலம்தான் என் முழங்காலைப் பத்திச் சொன்னாரு.

மறுபடி இடம் கிடைச்சிருக்குதுங்க. இன்னைக்குத்தான். இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே? விமானத்துல எனக்கு நாளே குழம்பிப் போச்சு. அங்க இப்பத்தான் பொழுது விடிஞ்சு கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். நேத்து நான் கிளம்பறப்பவே வேற டிரெய்லர் வந்து வாசல்ல நின்னுச்சு. சின்னது, கோழிக்கூடு. நான் கிட்டப் போகலை. "அம்மா, நீ இங்க இருந்தே கும்பிட்டுக்கோ"ன்னா கௌசி. புல்தரையில நின்னே கும்பிட்டுட்டுக் கார்ல ஏறிட்டேன். ஏர்போர்ட்டுல கட்டிப் பிடிச்சா. ரொம்ப நேரம். "ஊருக்குப் போயி நல்லாத் தூங்கும்மா"ன்னா. நான்தான அவளுக்கு அதைச் சொல்லணும்?

இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்குதுங்க. நீங்க அந்தப் பக்கம் போறவங்க, நான் இந்தப் பக்கம் போறவ. உங்ககிட்டச் சொன்னா என்ன.

நான் வேண்டிக்கிட்டேன். பட்டியலை ஃபிரிட்ஜில ஒட்டின அன்னைக்கே. "ஆத்தா செல்லாண்டி, இந்தப் பயணம் நின்னு போகட்டும், உனக்கு முடி இறக்கறேன்"னு. தினமும் சொன்னேன். பாப்பாவைத் தட்டித் தூங்க வெக்கறப்பக் கூடச் சொன்னேன். நின்னு போச்சு. நான் கேட்டதைக் குடுத்துட்டா. ஆனா என் கையாலயே குடுக்க வெச்சுட்டா பாருங்க.

அந்தக் குழாயைத் திறக்கறப்ப, பட்டியல்ல சிவப்புல எழுதினது எனக்கு ஞாபகம் இருந்துச்சா, இல்லையா? மாப்பிள்ளை பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்காரு, தொட்டித் தண்ணியத் தொடக் கூடாதுன்னு. விமானத்துல பதினஞ்சு மணி நேரமும் இதைத்தான் யோசிச்சேன். இல்லைன்னுதான் தோணுது. இருந்த மாதிரியும் இருக்குது.

நாளைக்கு மகன் சென்னைக்கு வர்றான். ஈரோட்டுல இறங்கி நேரா அம்மன் கோயில்தான். வேண்டினதைத் தள்ளிப் போடக் கூடாதுல்ல. இந்தாங்க, பாருங்க, இந்த வயசுலயும் இடுப்பு வரைக்கும் இருக்குது. அவங்கப்பா இருந்தப்ப இதுக்கு ஒரு முழம் பூ பத்தாதும்பாரு. முடி போறதுக்கு எனக்கு வருத்தமில்லைங்க. ஞாயித்துக்கிழமை அவங்க பாலைவனத்துல இருந்து திரும்பினதும் வீடியோவுல கூப்பிடுவா. மொட்டைத் தலையைப் பாத்துட்டு, "எதுக்கும்மா இது?"ன்னு கேப்பா. நான் என்ன சொல்றது? அவகிட்ட இதுவரைக்கும் பொய் சொன்னதில்லை. முக்காடு போட்டுக்கிட்டா எத்தனை நாளைக்கு?

ஒண்ணு தோணுது. "நீங்க பாலைவனத்துக்கு நல்லபடியாப் போயிட்டு வரணும்னு வேண்டிக்கிட்டேன்"னு அவகிட்டச் சொல்லிடலாம். அது பொய்தான். ஆனா இப்ப இங்க உக்காந்து நிசமாவே அப்படி வேண்டிக்கிட்டேன்னா அது பொய்யில்லையே? அவங்க இன்னும் கிளம்பலை. நேரம் இருக்குது. முடி ஒண்ணுதான், வேண்டுதல் ரெண்டாயிடுது. ஒரு தலை முடிக்கு ரெண்டு வேண்டுதல் வெச்சா உங்க பக்கத்துச் சாமி ஒத்துக்குமா? தெரியலையா. எனக்கும் தெரியலைங்க. எங்க ஆத்தா கோபக்காரிதான், ஆனா அவளும் பெண்பிள்ளைதானே.

உங்களை அழைக்கறாங்க போல. போங்க, போங்க. பையை மடியில வெச்சுக்குங்க. லேகியத்தை மட்டும் கேட்டுட்டுக் குடுங்க, அவளுக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை. ஜன்னலைத் திறந்தா விட்டுடுங்க.

நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன்.

ஆத்தா. பத்தரைக்கே கிளம்பட்டும். பாப்பா தூங்கற நேரம் அது.